பகடைக்கு உடைமைக்காரர் யார்?

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் நம் நெடுநாளைய நண்பர் ஒருவர் வசிக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் நொத்தாரிசாக இருந்து ஓய்ந்தவர். ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டு விறாந்தையில் நால்வர் கூடி முந்நூற்றுநான்கு ஆடுவது வழக்கம். சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு நாம் படியேறியபோது, நமது மேசையைப் பிள்ளைகள் கைப்பற்றியிருந்தார்கள். நண்பரின் பேர்த்தியும் அவளோடு படிப்பவர் நால்வரும் அதைச் சூழ்ந்திருந்தார்கள். மேசைமேல் கடதாசிக் கட்டைக் காணோம். சில பென்சில்களும், கோடிட்ட தாள்களும், நாம் கண்டறியாத வடிவங்களிற் சில பகடைகளும் கிடந்தன.

“நான் சுங்கத்து மதிலாலே ஏறிக் குதிக்கிறன்” என்றான் ஒரு பையன்.

“உருட்டிப் பார்” என்றாள் எதிரே இருந்த பெண்.

இருபது முகங்கொண்ட ஒரு பகடையை அவன் உருட்டினான். மூன்று விழுந்தது. எல்லோரும் ‘ஐயோ’ என்று தலையிற் கைவைத்தார்கள். பையன் மதிலிலிருந்து விழுந்து கால் பிசகிக் கிடப்பதாகத் தீர்ப்பாயிற்று. உண்மையில் அவன் கால்மேற் கால் போட்டு மரவள்ளிப் பொரியல் தின்றுகொண்டிருந்தான்.

இதுவும் ஓர் ஆட்டமா என்று நாம் முதலில் முகஞ் சுளித்தோம் என்பதை மறைப்பானேன்? பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒருவர் கதைசொல்லியாக இருப்பார். மற்றவர் ஒவ்வொருவரும் கதையில் வரும் ஒரு பாத்திரத்தை ஏற்பார். இன்ன இடத்தில் நிற்கிறீர்கள், எதிரே இன்னது வருகிறது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கதைசொல்லி கேட்பார். செய்யப்போவதைச் சொன்னபின், அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை தீர்க்கும். வெற்றி தோல்வி கிடையாது, கதைதான் பயன். நம் ஊர்க் கூத்துக்கும் தாயத்துக்கும் கலியாணம் செய்துவைத்தால் பிறக்கும் பிள்ளை எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது.

கதைசொல்லியாக இருந்த அந்தப் பெண் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தவள். உயர்தர வகுப்பு மாணவி. அவள் மடியில் இருந்த கொப்பியிலேதான் அந்தக் கதை முழுவதும் இருந்தது. டிராம் வண்டி ஓடிய காலத்துக் கொழும்பு. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் இரதம் புறப்படும் ஆடிவேல் இரவு. கூட்டத்தில் தவறிப்போன ஒரு வைரத்தோடு. அதைத் தேடிப் புறப்படும் ஒரு தட்டாரப் பையன், ஒரு வள்ளக்காரன், கச்சான் விற்கும் ஒரு கிழவி. சுங்கத்து மதிலும் துறைமுகமும் அப்படித்தான் கதைக்குள் வந்தன. ஆட்டம் முடிந்து தேநீர் வந்தபோது அந்தப் பெண் நண்பரிடம் மெல்லக் கேட்டாள்:

“ஐயா, இதை நூறு பிரதி அடிச்சுப் பள்ளிக்கூடக் கண்காட்சியிலே விக்கலாமெண்டு நினைக்கிறம். கனடாவிலே இருக்கிற என்ர மச்சான் சொல்லுறார், பகடை உருட்டுற விதிகளெல்லாம் ஒரு அமெரிக்கக் கம்பனிக்குச் சொந்தம், வழக்குப் போட்டுடுவினம் எண்டு. உண்மையா?”

நண்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் உறுதி எழுத ஆயத்தமாகிறார் என்று பொருள். அன்று நம் கடதாசி ஆட்டம் நடக்கவேயில்லை.

முதலில் நமது முந்நூற்றுநான்கையே எடுத்துக்கொள்வோம். ஏழு முதல் ஏஸ் வரை முப்பத்திரண்டு கடதாசிகள். ஜக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஆக ஒரு சாதிக்கு 76. நான்கு சாதிக்கும் கூட்டினால் 304. துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடும் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் இன்னாரென்று எவரும் உரிமை கொண்டாடியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு விதமாகவும் கொழும்பில் ஒரு விதமாகவும் ஆடுவார்கள்; ஒரு வீட்டில் செல்லுகிற கேள்வி அடுத்த வீட்டில் செல்லாது. அதனால் சண்டை வந்ததுண்டு; வழக்கு வந்ததில்லை.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவை நண்பர் எடுத்துக் காட்டினார். எண்ணம், நடைமுறை, ஒழுங்குமுறை, செயற்படுத்தும் முறை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்புக் கிடையாது என்பது அதன் சாரம். ‘இருபது முகப் பகடையை உருட்டி, இன்ன தொகைக்கு மேல் விழுந்தால் வெற்றி’ என்பது ஒரு முறை. அதை எவரும் வேலி போட்டு அடைக்க முடியாது. ஆனால் அந்த முறையை விளக்கி ஒருவர் எழுதிய வசனங்கள், வரைந்த படங்கள், படைத்த பாத்திரங்கள் அவருடையவை. வியாபாரப் பெயரும் சின்னமும் அதே சட்டத்தின் வேறு பகுதியின் கீழ் வேறு காவலில் இருக்கின்றன. எனவே மச்சான் சொன்னது பாதி சரி, பாதி பிழை.

வேலி போட முயன்றவர்கள் முன்னரும் உண்டு. நம் நாட்டிலும் பாரதத்திலும் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த பச்சீஸ் ஆட்டத்தின் பெயரைச் சிறிது திரித்து, 1874இல் அமெரிக்கக் கம்பனியொன்று தன் வியாபாரப் பெயராகப் பதிந்துகொண்டது. அதே ஆட்டத்தைச் சுருக்கி 1896இல் இங்கிலாந்தில் ஒருவர் ‘லூடோ’ என்று உரிமைப் பத்திரம் வாங்கினார். பெட்டியில் அடைபட்டுத் திரும்பிவந்த அந்தச் சொந்தக்காரனை நாமே காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் விட்டோம். அதை இப்போது விட்டுவிடுவோம். பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

அவள் ஆட்டத்தின் மூலம் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது. அமெரிக்காவிலே கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் ஆக்கி 1974இல் வெளியிட்ட ஆட்டம். பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களுக்கெல்லாம் அதுவே தாய். அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். கம்பனி நாளடைவில் பெருத்தது. பெருத்தபின் அன்பர்களையே அதட்டத் தொடங்கியது. இணையம் பரவிய 1990களில், ஆடுவோர் தாமே எழுதிப் பகிர்ந்த கதைகளை நீக்கச் சொல்லி எச்சரித்தது. ஆயினும் கடன் அதை விழுங்கியது. 1997இல் ‘விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட்’ என்ற கம்பனி அதை வாங்கிற்று. இரண்டு ஆண்டுகளில் பொம்மை வியாபாரத்தில் பெயர்பெற்ற ஹாஸ்ப்ரோ கம்பனி அந்தக் கம்பனியையே வாங்கிற்று.

அங்கே ரயன் டான்சி என்றொருவர் இருந்தார். அவருடைய யோசனை வியாபாரிகளின் வழமைக்கு மாறானது. அடிப்படை நூலை நாம் விற்போம். அதைச் சார்ந்த கதைகளையும் துணை நூல்களையும் யாரும் எழுதி விற்கட்டும். அவை பெருகப் பெருக அடிப்படை நூலைத் தேடுவோரும் பெருகுவர் என்பது அவர் கணக்கு. 2000ஆம் ஆண்டில் விதிகளின் சாரத்தை ஒரு பொது ஆவணமாக்கி, ‘திறந்த ஆட்ட உரிமம்’ என்ற பெயரில் உலகத்துக்கு விட்டார்கள். கட்டணம் இல்லை, முன்அனுமதி இல்லை, நிரந்தரம் என்று எழுதியிருந்தது. அந்த உரிமத்தை நம்பிச் சிறு பதிப்பகங்கள் காளான்போல் முளைத்தன. வீட்டு அறையில் மேசையொன்று போட்டுக்கொண்டு எழுதுவோரும், படம் வரைவோரும், தபாலில் நூல் அனுப்புவோருமாக ஒரு புதிய தொழிலே உண்டாயிற்று. அந்தத் தொழிலில் எல்லாரும் வாழ்ந்தார்கள் என்று சொல்லமாட்டோம். 2003இல் தாய்க் கம்பனி விதிகளைத் திருத்தியபோது பழைய விதிக்கு அச்சிட்ட நூல்கள் கடைகளில் தேங்கிப் பலர் நட்டப்பட்டார்கள். 2008இல் கம்பனி புதிய பதிப்புக்கு இறுக்கமான வேறோர் உரிமத்தைக் கொண்டுவந்தது. அப்போது ‘பைசோ’ என்ற பதிப்பகம் அதை ஏற்க மறுத்து, பழைய திறந்த உரிமத்தின் கீழேயே 2009இல் ‘பாத்ஃபைண்டர்’ என்ற தன் ஆட்டத்தை வெளியிட்டது. தாய்க்குப் போட்டியாக நிற்குமளவுக்கு அது வளர்ந்தது. கம்பனி அடுத்த பதிப்பில் மீண்டும் திறந்த வழிக்கே வந்தது. 2016இல் புதிய விதிகளின் சாரமும் பழைய உரிமத்தின்கீழ் வெளியாயிற்று.

இவ்வளவையும் நாம் சொல்லிக்கொண்டிருக்க, நண்பர் அந்தப் பழைய உரிமத்தைப் பேர்த்தியின் கணினியில் எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்துக்குச் சற்று மேற்பட்ட ஆவணம். வாசித்து முடித்து, “இதை எழுதினவன் நொத்தாரிசு அல்ல” என்றார்.

ஏனென்று கேட்டோம். “நிரந்தரம் என்று எழுதியிருக்கிறான். மீளப்பெற முடியாதது என்று எழுதவில்லை. இரண்டும் ஒன்றல்ல. அந்தச் சொல் இல்லாமல் ஒரு நன்கொடை உறுதி நான் எழுதியிருந்தால், கொடுத்தவர் அடுத்த வருஷமே மருமகளோடு கோபித்துக்கொண்டு காணியைத் திருப்பிக் கேட்டு வருவார்.” பிறகு தாமே சிரித்துக்கொண்டு, அந்தச் சொல்லை எழுதினாலும் பூரண நிம்மதி இல்லையென்றும், கொடுத்தவருக்குப் பெரும் நன்றிகேடு இழைத்தால் அத்தகைய உறுதியையும் நீதிமன்றம் நீக்கலாமென்று 2017இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறதென்றும் சொன்னார்.

அவர் விரல் வைத்த இடத்திலேதான் 2023இல் புயல் கிளம்பியது. அவ்வாண்டு ஜனவரி முதல் வாரத்தில், கம்பனி இரகசியமாக ஆயத்தஞ் செய்த புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. பழைய உரிமத்தின் ஒன்பதாம் வாசகத்தில், ‘அதிகாரமளிக்கப்பட்ட’ எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்றிருந்தது. புதிய உரிமம் பிடிக்காவிடில் பழையதிலேயே இருக்கலாம் என்று பயனாளருக்குத் தெம்பளிக்க வைத்த வாசகம் அது. கம்பனியின் சட்டத்தரணிகள் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்: பழைய பதிப்பு இனி அதிகாரமளிக்கப்பட்டதல்ல என்று அறிவித்துவிட்டால் முடிந்தது! வேலி பயிரை மேய்ந்த கதைதான். ஆண்டுக்கு 750,000 டொலருக்கு மேல் வருவாயுள்ளவர் மேலதிகத் தொகையில் 25 வீதம் கட்டவேண்டும். 50,000 டொலருக்கு மேல் வந்தால் கணக்குக் காட்டவேண்டும். முப்பது நாள் அறிவித்தலோடு விதிகள் மாறலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, பிறர் படைத்தவற்றைக் கம்பனி தன் விருப்பம்போல் பயன்படுத்த ஓர் உரிமை வேண்டுமென்றும் கேட்டிருந்தார்கள். அந்த வாசகத்தில் மட்டும் ‘மீளப்பெற முடியாத’ என்ற சொல் தவறாமல் இருந்தது. இதைக் கேட்டதும் நண்பர், “வாபஸ் பெறத் தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சொல்லின் அருமை தெரியும்” என்றார்.

இருபத்துமூன்று ஆண்டுகளாக அந்த உரிமத்தை நம்பி வீட்டுக்கடன் எடுத்தவர்களும் குழந்தைகளைப் படிக்கவைத்தவர்களும் இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கம்பனிக்கு மாதாமாதம் கட்டிவந்த சந்தாவை நிறுத்தினார்கள். பைசோ பதிப்பகம், எந்த ஒரு கம்பனிக்கும் சொந்தமில்லாத புதிய உரிமமொன்றை எழுதப்போவதாக அறிவித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிப்பாளர்கள் அதற்கு ஆதரவு தெரிவித்தார்கள். அந்த உரிமம் அவ்வாண்டு நடுப்பகுதியில் வெளியாகியும் விட்டது. கம்பனி வரைவைச் சிறிது தணித்து மக்கள் கருத்தைக் கேட்டது. பதினையாயிரம் பேருக்கு மேல் பதிலெழுதினார்கள். பழைய உரிமத்தை நீக்குவது தமக்குத் திருப்தியில்லை என்றவர்கள் அவர்களில் 89 வீதம். ஜனவரி 27ஆந் திகதி கம்பனி பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்றதோடு, விதிச் சாரம் அடங்கிய நானூறு பக்க ஆவணத்தைக் ‘கிரியேட்டிவ் கொமன்ஸ்’ என்ற பொது உரிமத்தின் கீழும் வெளியிட்டது. அந்த உரிமத்தைக் கம்பனி எழுதவில்லை, மாற்றவும் முடியாது. அதிலே ‘மீளப்பெற முடியாத’ என்ற சொல்லும் இருக்கிறது. மூலத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் எவரும் எடுத்தாளலாம், விற்கலாம், பெயர்க்கலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிய மொழிகளில் கம்பனியே அதை வெளியிட்டிருக்கிறது. தமிழில் யாரேனும் பெயர்க்க விரும்பினால் ஒருவர் வாசலிலும் நிற்கவேண்டியதில்லை.

கம்பனிகளின் சண்டையில் கலவாமல் தம் வழியே போனவர்களும் உண்டு. மெக்வி பேக்கர், வின்சென்ட் பேக்கர் என்ற தம்பதியர் 2010இல் ‘அப்பொகலிப்ஸ் வேர்ல்ட்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதைப் பார்த்து ஆட்டஞ் செய்தவர் விரும்பினால் இதிலிருந்து பிறந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதே அவர்கள் வைத்த ஏற்பாடு. அதன் வழியில் பிறந்த ஆட்டங்கள் கணக்கற்றவை. ‘ஃபேட்’ என்ற ஆட்டம் 2013 முதலே கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. இவற்றிற் பல பெரிய நூல்களல்ல; ஓரிருவர் எழுதி, நண்பரொருவர் படம் வரைந்து, முப்பது நாற்பது பக்கத்தில் முடித்தவை. கொட்டாஞ்சேனைக் கொப்பிக்கு உறவினர் அவர்களே என்பது நமது அபிப்பிராயம்.

இனிக் கொப்பியைப் பரிசோதித்தோம். நண்பர் சிவப்புப் பேனாவை எடுத்தார். அட்டையில் அந்த அமெரிக்க ஆட்டத்தின் பெயர், பெண் தன் ஆட்டத்துக்கு வைத்த பெயரைவிடப் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. அது அடிபட்டது, ‘ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்’ என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம், அதற்குக் கம்பனியே இடங்கொடுத்திருக்கிறது. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய இரண்டு படங்களும் அடிபட்டன. சுங்கத்து மதிலிலிருந்து விழுந்த பையன் நன்றாகப் படம் வரைவானாம், அவனே வரையட்டும் என்று தீர்மானமாயிற்று. விதிகளை எடுத்த ஆவணத்தின் பெயரும், உரிமத்தின் பெயரும் முதற் பக்கத்தின் உள்ளே ஒரு சிறு பந்தியாகச் சேர்க்கப்பட்டன. அவ்வளவுதான். “இனி அடிக்கலாம்” என்றார் நண்பர். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்போது நாம் ஒரு கேள்வி கேட்டு அந்தக் கொண்டாட்டத்தைக் கெடுத்தோம். “நல்லது பிள்ளை. உன் ஆட்டத்தை எந்த உரிமத்தில் விடப்போகிறாய்?”

அந்தப் பெண் திகைத்துப்போனாள். பிறருடையதை எடுப்பது பற்றி யோசித்தாளே தவிர, தன்னுடையதைப் பிறர் எடுப்பது பற்றி அவள் நினைத்ததில்லை. “சென்னையிலே ஆரும் அப்படியே அச்சடிச்சு விற்றால்?” என்றாள். விற்கலாம், நீ திறந்துவிட்டால் விற்கலாம்தான். வியாபாரத்துக்கு ஆகாது என்று ஒரு நிபந்தனை வைக்கலாம். அல்லது, என் ஆட்டத்தைக் கொண்டு நீ எதைச் செய்தாலும் அதையும் இப்படியே திறந்துவிட வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் அந்த நிபந்தனையில்தான் இருக்கின்றன. ஒன்றையும் திறவாமல் பெட்டியில் பூட்டியும் வைக்கலாம், அதுவும் பாவமல்ல. பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் கையேற்று, 1955இல் பொதுமக்களுக்கு உரியதாக்கியது என்ற சரித்திரத்தையும் சொன்னோம். அது கவிஞர் மறைந்து முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது என்று நண்பர் திருத்தினார். உயிரோடிருக்கிற ஒரு மாணவி அதையே இன்று பிற்பகலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அன்று அவள் பதில் சொல்லவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வந்தபோது பதிலோடு வந்தாள். விதிகளும், ஆடிவேல் இரவின் வரைபடமும், பாத்திரங்களின் பட்டியலும் திறந்தவை. எடுப்பவர் தாம் செய்வதையும் திறக்கவேண்டும். வைரத்தோட்டின் கதையை மட்டும் திறக்கவில்லை. அது அவளுடைய அம்மம்மா சிறு வயதில் அவளுக்குச் சொன்ன கதை. பழைய திறந்த உரிமமும் இப்படித்தான் ஒரு நூலை இரண்டாகப் பிரித்தது. விதி பொதுவுக்கு, பாத்திரமும் கதையும் ஆசிரியருக்கு. இந்தப் பெண் அதைப் படித்துச் செய்தாளா, தானாகச் செய்தாளா என்று நாம் கேட்கவில்லை.

“அம்மம்மாவிட்டை அனுமதி கேட்டாயோ?” என்றார் நண்பர். நொத்தாரிசுப் புத்தி போகுமா?

“கேட்டனான் ஐயா. கையெழுத்துப் போட மாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. அது தனக்குத் தன்ர மாமி சொன்னதாம். ‘மாமியின்ர கதையை என்ர எண்டு நான் எப்பிடியடி எழுதித் தாறது? நீ உன்ர பாட்டுக்குச் சொல்லு. ஆனால் தோடு கிடைக்கிற இடத்தை மாத்திப்போடாதை’ எண்டா.”

அந்த நிபந்தனையை எந்த உரிமத்தில் எந்த வாசகமாக எழுதுவது என்று நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பிரதிகள் வருகிற வாரம் காலி வீதிக் கடையொன்றில் அடிபடப் போகின்றன. நமது மேசை எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது தெரியவில்லை. போன ஞாயிறு ஆள் குறைகிறது என்று நம்மையும் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். நமக்குக் கிடைத்தது கச்சான் விற்கும் கிழவியின் பாகம். கொச்சிக்கடைச் சந்தியில் ஒரு கள்ளனைக் கூடையால் அடிக்கப்போவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினோம். பத்தொன்பது விழுந்தது.